பெட்ரோலை நீங்களே நிரப்பக் கூடாது: நியூ ஜெர்சியின் தடை எங்கிருந்து வந்தது, ஏன் இன்னும் நிற்கிறது

2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆளுநர் டீனா கோடெக் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். அன்று முதல் அந்த மாநிலத்தில் எங்கும் கார் ஓட்டுபவர்கள் தாங்களே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளலாம். 1951இல் போட்ட தடை 72 ஆண்டுகள் கழித்து விலகியது. மாநிலம் முழுக்க இந்தத் தடையை வைத்திருக்கும் ஒரே இடமாக இப்போது நியூ ஜெர்சி நிற்கிறது.

இந்தச் செய்தி நம் வாசகர்களைக் குழப்பியதில் ஆச்சரியமில்லை. பங்க்கில் வண்டியை நிறுத்தினால் ஊழியர் வருவார், "ஜீரோ பாத்துக்கோங்க" என்பார், நிரப்புவார். நமக்கு அதுதான் பழக்கம். அப்படியிருக்க, சொந்த வண்டிக்குச் சொந்தக் கையால் பெட்ரோல் போடுவதைத் தடுக்க ஒரு சட்டம் எதற்கு? அதை நீக்க 72 ஆண்டுகள் ஏன்? நியூ ஜெர்சிக்காரர்கள் அந்தத் தடையை ஏன் இன்னும் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

முதலில் சில அடிப்படைகள். அமெரிக்கர்கள் பெட்ரோலை 'கேஸ்' என்பார்கள். இங்கே பெட்ரோல் என்றே எழுதுகிறேன். அங்கே அளவு கேலன். ஒரு கேலன் சுமார் 3.785 லிட்டர். ஓட்டுநரே நிரப்பிக்கொள்வது சுயசேவை. ஊழியர் நிரப்பித் தருவது முழுச்சேவை. முழுச்சேவை வழக்கமாக இருப்பது வேறு, சுயசேவை சட்டவிரோதமாக இருப்பது வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

சட்டம் யாரைப் பார்த்துப் பேசுகிறது

நியூ ஜெர்சியின் சட்டம் 1949ஆம் ஆண்டினுடையது. அதன் பெயரைத் தமிழில் 'சில்லறைப் பெட்ரோல் விநியோகப் பாதுகாப்புச் சட்டம்' என்று சொல்லலாம். ஓட்டுநர் நாசிலை, அதாவது பெட்ரோல் பாயும் ஹோஸின் கைப்பிடி முனையைத் தொட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சட்டம் பேசுவது பங்க்கையும் அதன் ஊழியரையும் பார்த்துத்தான். முக்கியமான கட்டளைகள் மூன்று:

1. ஊழியர் அல்லாத எவரையும் பெட்ரோல் நிரப்ப விடக் கூடாது.
2. வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது நிரப்பக் கூடாது.
3. கேனில் ஊற்றுவதென்றால் அது அதற்கென்று அனுமதிக்கப்பட்ட கேனாக இருக்க வேண்டும்.

மீறினால் முதல் முறை 250 டாலர் வரை அபராதம், அடுத்தடுத்த முறைகளுக்கு 500 டாலர் வரை. மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றம். ஒரே ஒரு வாடிக்கையாளரை நிரப்ப விட்டதற்கு இது பெரிய தொகையாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் பங்க் முழுவதையும் சுயசேவையாக நடத்த நினைப்பவருக்கு, அபராதம் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும்.

மூன்றில் இரண்டாவதும் மூன்றாவதும் எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய பாதுகாப்பு விதிகள். விவாதம் முழுக்க முதலாவதைப் பற்றியது.

1949: மூன்று சென்ட் சண்டை

சுயசேவை அமெரிக்காவில் பரவத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1947இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய சுயசேவை பங்க் திறந்தது. "நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கேலனுக்கு 5 சென்ட் மிச்சம்" என்பதுதான் அதன் விளம்பரத்தின் சாரம். ஊழியர் சம்பளம் குறைந்தால் விலையைக் குறைக்கலாம், விலை குறைந்தால் கூட்டம் வரும். கணக்கு அவ்வளவு எளிது.

அந்தக் கணக்கு நியூ ஜெர்சிக்கும் வந்தது. அங்கே 17ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு வியாபாரி 24 பம்புகளோடு சுயசேவை பங்க் திறந்தார். சுற்றுவட்டாரத்தில் கேலன் 21.9 சென்ட். இவர் விற்றது 18.9 சென்ட்டுக்கு. சாலையில் கார்கள் வரிசை கட்டின. போட்டி பங்க்காரர்கள் விலையை ஏற்றச் சொல்லி அவரை நெருக்கினார்கள். அவர் மசியவில்லை. அவருடைய பங்க்கின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பின் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டதாக அவரே பல ஆண்டுகள் கழித்துப் பத்திரிகையிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் போட்டியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து சட்டமன்றத்தை நாடினார்கள். சுயசேவையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அவர் தொழிலை விட்டு வெளியேறினார்.

மூன்று சென்ட் என்பது அன்றைய விலையில் கிட்டத்தட்ட 14 சதவீதம். ஒரு பங்க்காரரைக் கடையை மூட வைக்க அது போதும். அதனால் இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது, தலைப்பில் இருக்கும் 'பாதுகாப்பு' என்ற சொல்லை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தீக்குப் பயந்தவர்களும் அன்று இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் சட்டமன்றத்தின் கதவைத் தட்டியவர்கள் தீயணைப்பு வீரர்கள் அல்லர், விலைப்போட்டிக்குப் பயந்த வியாபாரிகள்.

அப்போது நியூ ஜெர்சி தனியாகவும் இல்லை. 1960களின் இறுதியில்கூட இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தீத்தடுப்பு விதிகள் வழியாகச் சுயசேவை தடுக்கப்பட்டிருந்தது. அதை உடைத்தது ஒரு கருவி. 1964இல் கொலராடோவில், கடைக்குள் உட்கார்ந்தபடியே பம்பை இயக்கும் ஏற்பாடு வந்தது. அதற்கு முன்பு, ஒருவர் போட்டு முடித்ததும் யாராவது வெளியே போய் மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது பால் பாக்கெட் விற்கும் கடைக்காரரே கல்லாவில் இருந்தபடி பெட்ரோலும் விற்கலாம் என்றானது. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் விலை ஏறியதும் மக்களே மலிவான வழியைத் தேடினார்கள். மாநிலம் மாநிலமாகத் தடைகள் உதிர்ந்தன. நியூ ஜெர்சியும் ஓரிகனும், நியூயார்க்கின் ஹண்டிங்டன் போன்ற ஓரிரு ஊர்களும் மட்டும் மிஞ்சின.

தீ என்ற காரணம் எவ்வளவு தூரம் தாங்கும்

பெட்ரோல் ஆபத்தான பொருள் என்பதில் சந்தேகமே வேண்டாம். சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே அது தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழும். காற்றில் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். டீசல் அப்படி இல்லை. 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அந்த நிலைக்கு வரும். ஓரிகனின் தடை எளிதில் தீப்பற்றும் முதல் வகை எரிபொருளுக்கு மட்டும் என்று இருந்ததும், டீசலை ஓட்டுநரே போட்டுக்கொள்ள முடிந்ததும் இதனால்தான்.

ஆனால் 1949இன் பம்பும் இன்றைய பம்பும் ஒன்றல்ல. இன்று ஒரு சாதாரண பங்க்கில் இருக்கும் பாதுகாப்புகளைப் பாருங்கள்:

1. நாசிலின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் பாயும்போது அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே இழுபடும். டேங்க் நிரம்பி துளையைப் பெட்ரோல் மூடியதும் காற்று நின்றுவிடும். அந்த அழுத்த மாற்றத்தில் உள்ளே இருக்கும் சவ்வு நகர்ந்து வால்வை மூடும். 'டக்' என்று கேட்கும் சத்தம் அதுதான். இதில் மின்சாரமே கிடையாது.
2. நாசிலை மாட்டியபடியே யாராவது வண்டியைக் கிளப்பினால் ஹோஸ் இரண்டாகப் பிரியும். பிரிந்த இரு முனைகளும் தாமே மூடிக்கொள்ளும்.
3. வண்டி மோதி பம்பே சாய்ந்தால், அடியில் இருக்கும் வால்வு நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை அடைத்துவிடும்.
4. எல்லா பம்புகளையும் ஒரே அடியில் நிறுத்தும் அவசர பொத்தான் இருக்கும்.

இவை ஊழியர் பிடித்தாலும் வேலை செய்யும், ஓட்டுநர் பிடித்தாலும் வேலை செய்யும். சுயசேவையில் கூடுதலாக இருக்கும் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு: நிலைமின்னூட்டம். நாசிலைப் பூட்டிவிட்டுக் குளிருக்குப் பயந்து காருக்குள் போய் உட்கார்கிறார் ஒருவர். சீட்டில் உடை உரசி உடலில் மின்னூட்டம் சேர்கிறது. திரும்ப வந்து நாசிலைத் தொடும்போது பொறி பறக்கிறது. ஆவி சூழ்ந்திருக்கும் அந்த இடத்தில் தீப்பிடித்த சம்பவங்கள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. வெளியிலேயே நிற்கும் ஊழியருக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் இதற்கு மருந்து எளியது. நிரப்பும்போது வண்டிக்குள் திரும்பப் போகக் கூடாது. போனால், நாசிலைத் தொடும் முன் காரின் உலோகப் பகுதியைத் தொட வேண்டும்.

சுயசேவை அனுமதித்த மாநிலங்களில் பல கோடிப் பேர் பல பத்தாண்டுகளாகத் தாங்களே நிரப்பி வருகிறார்கள். அங்கே பங்க்குகள் வரிசையாக எரிந்துபோகவில்லை. தீயைக் காரணம் காட்டி முழுத் தடையை இன்று நியாயப்படுத்த முடியாது என்பதே என் முடிவு.

நியூ ஜெர்சி சட்டமன்றம் தீயோடு நிற்கவில்லை. காரணப் பட்டியலில் வேறு பலவும் இருக்கின்றன: வண்டியை விட்டு இறங்குவோருக்குத் திருடர் பயம், வழுக்கி விழும் பயம், நச்சுப்புகை, முழுச்சேவையின் கூடுதல் விலையால் குறைந்த வருமானக்காரர்களுக்கு நேரும் அநீதி, எண்ணெய், டயர் பார்க்க ஆள் இல்லாமல் வண்டி கெட்டுப்போவது. ஓரிகன் தன் சட்டத்தில் 17 காரணங்களை அடுக்கியிருந்தது. அந்த மாநிலத்தின் மழையும் அதில் ஒன்று.

இதில் நச்சுப்புகைக் காரணம் என்னை மிகவும் உறுத்துகிறது. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது; அது புற்றுநோய் தரும் பொருள். ஓட்டுநர் நிரப்பினால் வாரத்தில் ஓரிரு முறை, சில நிமிடங்கள் சுவாசிப்பார். ஊழியர் நிரப்பினால் எட்டு மணி நேரமும் அதே ஆவிக்குள் நிற்பார். தடை அந்த ஆபத்தை ஒழிக்கவில்லை. பலரிடமிருந்து எடுத்து, குறைந்த சம்பளத்தில் நிற்கும் ஒருவர் தலையில் வைக்கிறது. முழுச்சேவையைச் சட்டமாக்கும் அரசு, அந்த ஊழியரின் மூச்சைப் பற்றியும் சட்டம் போட்டிருக்க வேண்டும்.

விலை ஏறுகிறதா?

நியூ ஜெர்சிக்காரர்கள் பல ஆண்டுகள் சொன்ன வாதம் இது: "எங்களுக்கு ஆள் வந்து போடுகிறார், ஆனாலும் பக்கத்து நியூயார்க்கைவிட எங்கள் பெட்ரோல் மலிவு. அப்படியென்றால் தடையால் விலை ஏறவில்லை." கேட்க வலுவாக இருக்கிறது. ஆனால் மலிவுக்குக் காரணம் வேறு. மாநிலத்தின் பெட்ரோல் வரி நீண்ட காலம் கேலனுக்கு 14.5 சென்ட்தான், நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. 2016 நவம்பரில் அது ஒரே தாவலில் 23 சென்ட் ஏறி 37.5 சென்ட் ஆனது. பழைய மலிவு விலையில் பெரும்பகுதி குறைந்த வரி தந்த மலிவு. சுத்திகரிப்பு ஆலைகளும் துறைமுகமும் பக்கத்திலேயே இருப்பது இன்னொரு காரணம்.

வரியையும் மற்ற வேறுபாடுகளையும் கழித்துவிட்டுத் தடையின் விளைவை மட்டும் அளக்க முயன்ற பொருளாதார ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. சுயசேவைத் தடை கேலனுக்கு 3 முதல் 5 சென்ட் வரை விலையை ஏற்றுகிறது என்பது அதன் கணிப்பு. 15 கேலன் டேங்க் ஒன்றை நிரப்பினால் 45 முதல் 75 சென்ட். ஆக, தடை இலவசமும் அல்ல, பெரிய சுமையும் அல்ல. மழையிலும் பனியிலும் காருக்குள் உட்கார்ந்திருக்க அந்த அளவு கொடுக்கலாம் என்று ஒருவர் நினைத்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுக்க விரும்பாதவருக்கும் வேறு வழி இல்லை என்பதுதான் பிரச்சினை.

ஓரிகன் எப்படிப் படிப்படியாக இறங்கியது

1982இல் ஓரிகன் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 58 சதவீதம் பேர் சுயசேவை வேண்டாம் என்றார்கள். அதனால் சட்டமன்றம் நீண்ட காலம் அதைத் தொடவில்லை. பிறகு மாற்றம் கிராமப்புறத்திலிருந்து வந்தது.

கிழக்கு ஓரிகன் பரந்த வறண்ட நிலம்; ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம். இரவில் ஊழியர் வீட்டுக்குப் போய்விட்டால் பங்க் மூடியிருக்கும். வழியில் போகிறவர் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் 40,000க்கும் குறைவான மக்கள் கொண்ட மாவட்டங்களில் மாலை 6 முதல் காலை 6 வரை சுயசேவை அனுமதிக்கப்பட்டது. 2018 ஜனவரி முதல் அத்தகைய மாவட்டங்களில் பகலிலும் அனுமதி விரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் மாநிலம் முழுக்கத் தற்காலிகத் தளர்வு வந்தது. 2021 கோடையின் கடும் வெப்ப அலையிலும் அப்படியே. ஒவ்வொரு தளர்வும் ஒரு சோதனை ஓட்டம் போல ஆனது. கூடவே பங்க்குகளுக்கு ஆள் கிடைக்காத நிலையும் சேர்ந்துகொண்டது.

2023 சட்டத்தில் கவனிக்க வேண்டியவை:

1. மக்கள் அதிகம் வாழும் 16 மாவட்டங்களில், பாதிக்கு மேற்பட்ட பம்புகளைச் சுயசேவையாக மாற்ற முடியாது. மீதியில் ஊழியர் இருக்க வேண்டும்.
2. மற்ற 20 மாவட்டங்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.
3. ஒரே பங்க்கில் சுயசேவைக்கு ஒரு விலை, முழுச்சேவைக்கு ஒரு விலை என்று வைக்கக் கூடாது.

மூன்றாவதுதான் இந்தச் சட்டத்தின் உயிர். இறங்க முடியாத ஒரு மூதாட்டி தன் உடல்நிலைக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அதற்கு ஒரு விலையும் உண்டு: நீங்களே போட்டுக்கொண்டாலும் உங்களுக்குத் தள்ளுபடி கிடையாது, முழுச்சேவை ஊழியரின் சம்பளத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது. இரண்டையும் எடைபோட்டால் இது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலைக்காக என்று நேராகச் சொன்ன நாடு

பிரேசில் இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. 2000 ஜனவரி 12ஆம் தேதி வந்த 9956ஆம் எண் சட்டம், நுகர்வோரே இயக்கும் சுயசேவைப் பம்புகளை நாடு முழுவதும் தடை செய்தது. முதல் மீறலுக்கு அபராதம், இரண்டாவதற்கு இரட்டிப்பு, மூன்றாவதற்கு பங்க்கை மூடிவிடுவார்கள். நோக்கம் வேலையைக் காப்பது. அங்கே பங்க் ஊழியர்களை 'ஃப்ரென்டிஸ்டா' என்பார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் வாழ்கின்றன. பிரேசில் இன்னொன்றும் செய்தது. 2016இல் பங்க் ஊழியர்களைப் பென்சீனிலிருந்து காக்கத் தனி விதிகள் கொண்டுவந்தது. நாசில் தானாக நின்றபிறகு மேலும் பிழிந்து ஊற்றக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

தென்னாப்பிரிக்காவிலும் சுயசேவை இல்லை. பெட்ரோலின் சில்லறை விலையை அரசே நிர்ணயிக்கும் நாடு அது. அதனால் ஊழியர் செலவும் விலைக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது.

ஜப்பான் வேறு பாதை. 1998 வரை அங்கே தடை இருந்தது. தளர்த்தியபோதும் மேற்பார்வையை விடவில்லை. ஓட்டுநர் நாசிலை மாட்டலாம்; ஆனால் அபாயப் பொருள் கையாளத் தகுதிச் சான்று பெற்ற ஊழியர் ஒருவர் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் பெட்ரோல் பாயும். தீதான் கவலை என்றால் அதற்குத் தடை தேவையில்லை, கண்காணிப்பு போதும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

நியூ ஜெர்சி ஏன் அசையவில்லை

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2006இல் ஆளுநர் ஜான் கார்சைன் சோதனை முறையில் சுயசேவையை அனுமதித்துப் பார்க்கலாம் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார். 2022இல் பெட்ரோல் விலை எகிறியபோது மீண்டும் ஒரு மசோதா வந்தது. இந்த முறை அதை ஆதரித்தவர்களில் பங்க் உரிமையாளர் சங்கமும் இருந்தது. 1949இல் தடையைக் கேட்டு வாங்கியதும் பங்க் உரிமையாளர்கள்தான். அன்று அவர்களுக்குப் போட்டி பயம், இன்று ஆள் பற்றாக்குறை. ஆனாலும் மசோதா நகரவில்லை. மாநில செனட் தலைவர் நிக்கோலஸ் ஸ்குடாரி ஆதரவு தரவில்லை. அந்தச் சமயத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பில் சுமார் 73 சதவீதம் பேர் ஊழியர் நிரப்புவதையே விரும்புவதாகச் சொன்னார்கள்.

இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். முழுச்சேவையை விரும்புவதும், சுயசேவையைத் தடை செய்ய விரும்புவதும் ஒன்றல்ல. 73 சதவீதம் பேர் விரும்பும் சேவை, தடை இல்லாவிட்டாலும் சந்தையில் கிடைக்குமே என்று கேட்கலாம். நியூ ஜெர்சிக்காரர்களின் பதில்: "மற்ற மாநிலங்களில் கிடைக்கிறதா, பாருங்கள்." அது நியாயமான பதில். சுயசேவை வந்த இடங்களில் முழுச்சேவை சில ஆண்டுகளிலேயே அருகிப்போனது. தேர்வு என்று தொடங்கியது, கடைசியில் எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று முடிந்தது. தடையைத் தாங்கி நிற்கும் ஒரே வலுவான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இது யாரை அதிகம் பாதிக்கும் என்பதும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, சுயசேவை பங்க்குகள் உதவி கேட்கும் மாற்றுத்திறனாளிக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமல் நிரப்பித் தர வேண்டும். ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரே ஒரு ஊழியர் மட்டும் பணியில் இருந்து, பம்புகளைக் கடைக்குள்ளிருந்து இயக்கும் நேரத்தில் உதவி செய்யும் கடமை இல்லை. இரவு பதினொரு மணிக்கு, சக்கர நாற்காலியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டி வருபவர் ஒருவர் உதவி கேட்கும் நேரமும், பங்க்கில் ஒரே ஆள் இருக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நியூ ஜெர்சி என்றாவது தடையை நீக்கும் மசோதாவை எழுத உட்கார்ந்தால், ஓரிகனின் ஒரே விலை விதியை அப்படியே எடுத்துக்கொள்ளட்டும். அதோடு, ஒரு ஊழியர் மட்டும் இருந்தாலும் இவருக்கு வெளியே வந்து நிரப்பித் தர வேண்டும் என்ற வரியையும் சேர்த்து எழுத வேண்டும்.